வேலூர் லாங் பஜார் சந்துல பாட்டு ஏத்தித் தர்ற கடை: 200 பாட்டுக்கு மேல கேட்டா திட்டுதான் கெடைக்கும்

எங்க செட்ல நான் சொல்ற பாட்ட எவனும் கேக்க மாட்டான். வாட்ஸப்ல லிங்க் போட்டா ரெண்டு தம்ஸ்அப் வரும், தொறந்து பாத்தவன் ஒருத்தன்கூட இருக்க மாட்டான், அடுத்த வாரம் அதே பாட்டு ரீல்ஸ்ல வந்தா "மச்சி இத கேட்டியா"ன்னு எனக்கே அனுப்புவானுங்க. அப்படி நொந்து போயிருந்த நேரத்துலதான் ஏலகிரி டிரிப்புக்கு வேன் பேசுனோம், பாட்டு பொறுப்பு என் தலைல விழுந்துச்சு.

வேன்ல ப்ளூடூத் வேலை செய்யல, பென்டிரைவ்தான்னு டிரைவர் சொல்லிட்டாரு. அதான் இந்தக் கடைக்குப் போனேன். லாங் பஜார்லருந்து பிரியுற சந்து ஒண்ணுல மாடிப்படிக்கு கீழ இருக்கு, போர்டுல எழுத்தெல்லாம் வெயில்ல வெளுத்துப் போச்சு. ஒரு காலத்துல கேசட் ரெக்கார்டிங் கடை. லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சி வந்து வாங்கிக்கணும், 60 கேசட்னா ஒரு பக்கம் அரைமணி நேரம், அதுல ஆறு பாட்டு புடிக்கும், கடைசிப் பாட்டு நடுவுல டேப் தீந்துடக்கூடாதுன்னு நிமிஷம் கூட்டிப் பாத்துதான் ஏத்துவாராம். அந்தப் பழக்கம் மனுஷன விட்டுப் போகல.

நான் 32 ஜிபி பென்டிரைவ நீட்டி "ஃபுல்லா ரொப்பி குடுங்கண்ணா"ன்னேன். "இன்னாத்துக்கு? ரெண்டாயிரம் பாட்டு ஏத்துனா நீ பாட்டா கேப்ப, நெக்ஸ்ட் பட்டனதான் அமுக்கினு இருப்ப"ன்னாரு. 200தான் கணக்கு. அப்புறம் கேள்வி ஆரம்பிச்சிடுச்சி, எத்தினி பேரு, எத்தினி மணிக்கு கெளம்புறீங்க, வண்டி ஓட்றவருக்கு இன்னா வயசு, சாப்பாடு எங்க. ஆம்பூர்ல பிரியாணின்னு சொன்னதும் "அப்ப அங்கருந்து பாட்டு வாணாம், எல்லாம் தூங்கிப் பூடுவீங்க, காமெடி வெய்யி"ன்னு தனி ஃபோல்டர் போட்டாரு. எந்த ஆப் இதெல்லாம் கேக்குது சொல்லுங்க?

காமெடில அவருக்கு ஒரு கணக்கு இருக்கு, எனக்கு அது ரொம்ப சரியா பட்டுச்சி. காதுக்கு காமெடி வேற, கண்ணுக்கு காமெடி வேறன்றாரு. வடிவேலு பாதி உடம்புலயே பண்ணிடுவாரு, அத ஆடியோவா போட்டா பாத்தவன்தான் சிரிப்பான். கவுண்டமணி குரலே போதும், 1989ல வந்த அந்த வாழைப்பழ காமெடிய கண்ண மூடினு கேட்டாலும் செந்தில் மூஞ்சி முன்னாடி வந்து நிக்கும். 1965 திருவிளையாடல்ல நாகேஷ் தருமியா பொலம்புறது படம் பாக்காமலே மனப்பாடமான தலைமுறை ஒண்ணு இருக்கு, எங்கப்பா அதுல ஒரு ஆளு. கிரேசி மோகன் வசனம் வைங்கண்ணான்னு கேட்டதுக்கு மாட்டேன்னுட்டாரு. ஒரு ஜோக்குக்கு சிரிச்சி முடிக்கறதுக்குள்ள அடுத்தது ரெண்டு போயிடும், பன்னெண்டு பேர் கத்துற வண்டில அது வேஸ்ட்டு, ராத்திரி தனியா ஹெட்போன்ல கேளுன்னாரு. கேட்டேன், கரெக்ட்டுதான்.

நான் கேக்காமலே வாணி ஜெயராம் பத்து பாட்டு வெச்சாரு. "நம்ம வேலூர்ல பொறந்தவங்கபா, மூணு தேசிய விருது, இங்க பாதி பேருக்கு தெரியாது"ன்னு. 1945ல இங்கதான் பொறந்தாங்கன்னு எனக்கே அன்னிக்குதான் தெரியும். ஏலகிரில 14 வளைவு, ஏற ஏற போன்ல டவர் போய்ப் போய் வந்துச்சி, வண்டில பென்டிரைவ் மட்டும் ஓடினு இருந்துச்சி. எட்டாவது வளைவா ஒம்பதாவதான்னு ஞாபகம் இல்ல, அவங்க பாடுன 'ஏழு ஸ்வரங்களுக்குள்' வந்துச்சி. எப்பவும் என்ன கலாய்க்குறவன் ஜன்னல்லருந்து தலைய உள்ள இழுத்து "யார்ரா பாடுனது இது"ன்னான். கடைக்காரர் பேர நான் சொல்லல, நான்தான் செலக்ட் பண்ணேன்னு சொல்லிட்டேன்.

பாக்குறதுக்கு நல்ல படம் பேர் கேட்டாலும் சொல்வாரு, தேதி காலண்டர்ல கிழிச்ச தாள் பின்னாடி அஞ்சு பேர் எழுதித் தருவாரு, அவ்ளோதான். புதுப்படம் ஏத்திக் குடுங்கன்னு கேட்டா மட்டும் "தியேட்டர்ல போய்ப் பாரு, போ"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாரு.

குறைன்னா நெறைய இருக்கு. கம்ப்யூட்டர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கெழம், என்னுது முடியவே முக்கா மணி நேரம். மத்தியானம் ஒண்ணரைக்கு ஷட்டர எறக்கிட்டு சாப்புட போனா எப்ப வருவாருன்னு பக்கத்துக் கடைக்கே தெரியாது. அனிருத் கேட்டா ஏத்துவாரு, ஆனா கடைசி ஃபோல்டர்ல ஒளிச்சி வெச்சிருப்பாரு, நாமளே தேடிக்கணும். 150 ரூபா வாங்குனாரு. சும்மா கெடைக்கிற பாட்டுக்கா 150ன்னு எங்க செட்ல ஒருத்தன் கேட்டான், பாட்டுக்கு இல்லடா, பாட்ட வரிசையா கோத்து வெச்சதுக்குன்னு சொன்னேன், அவனுக்குப் புரியல.

போன மாசம் அம்மாவோட சின்ன ஸ்பீக்கருக்கு கார்டு எடுத்துனு போனேன். பக்திப் பாட்டுன்னுதான் கேட்டேன். உங்கம்மாவுக்கு எந்த ஊருன்னு கேட்டாரு, ஆரணி பக்கம் கிராமம்னதும் வேற ஒரு ஃபோல்டர தொறந்தாரு, ராத்திரி முழுக்க நடக்குற பாரதக் கூத்து ரெக்கார்டிங், அர்ச்சுனன் தபசு, கூத்துல ஊதுற முகவீணை சத்தத்தோட. ஆடியோ கொரகொரன்னுதான் இருக்கு. அம்மா இப்ப சீரியல் நேரத்துல டிவிய மியூட்ல வெச்சிட்டு அதத்தான் கேக்குறாங்க.

போறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, பென்டிரைவ்ல கல்யாண போட்டோ கிட்டோ இருந்தா வீட்லயே காப்பி எடுத்து வெச்சிட்டுப் போங்க. வண்டி ஸ்டீரியோவுக்கு ஃபேட்32ன்ற ஃபார்மேட்ல இருந்தாதான் ஓடும்னு சொல்லி மனுஷன் கேக்காமலே உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சி ஃபார்மேட் போட்டுடுவாரு. எங்க அக்கா புள்ளைக்கு காது குத்துன போட்டோ மொத்தமும் அப்படித்தான் போச்சு, அக்காவுக்கு இன்னும் சொல்லல.