டிம்மர் வைத்த குடை விளக்கு: யேமன் பச்சோந்தி வளர்க்கும் ஒருவரின் அனுபவம்

பச்சோந்திக் கூண்டுக்கு மேலே தொங்கவிட்டுச் சூடு கொடுக்கும் குடை விளக்கு ஒன்று, டிம்மரோடு (வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது) சேர்த்து, இப்போது ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது. புதிதாக யேமன் பச்சோந்தி வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணா, நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார். என் விளக்கின் டிம்மர் கெட்டுப்போய், போன வாரம்தான் ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்தேன். அதனால் ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் 21 டிகிரிதான் இருக்கும். என் பச்சோந்தி முத்துவுக்கு (ஆண், நன்றாக வளர்ந்தவன்) காலையில் வெயில் காயும் கிளையில் 29, 30 டிகிரி வேண்டும். முன்பு வைத்திருந்த தெர்மோஸ்டாட் சூடு ஏறினால் விளக்கை அணைக்கும், இறங்கினால் போடும். நாள் முழுக்க வெளிச்சம் வந்து வந்து போகும். அவனோ கிளைக்கு வருவதும் திரும்புவதுமாக நிம்மதியில்லாமல் இருந்தான். இந்த விளக்கு வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வெளிச்சத்தைக் குறைத்து ஒரு நிலையில் நிறுத்திவிட்டால் அப்படியே நிற்கும். விடிந்ததும் கரும்பச்சையாக ஏறி வருவான், உடம்பைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தை விளக்குக்குக் காட்டுவான், சூடு போதுமென்றால் நிறம் வெளுத்து இறங்கிப் போவான். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பதைப் போன்ற காலை எனக்கு வேறு கிடையாது. சாக்கெட் பீங்கான், குடை நல்ல ஆழம், ஒளியும் கிளை முழுக்கப் பரவுகிறது. இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

குறை அந்த டிம்மரில்தான். வயரின் நடுவில் ஒரு சின்னச் சக்கரம். அதில் ஒரு எண் இல்லை, கோடு இல்லை, பூட்டும் இல்லை. கூண்டைத் துடைக்கும்போது துணி பட்டால் போதும், நகர்ந்துவிடும். கிளையில் மூன்று நான்கு டிகிரி மாறிவிடும். மனிதர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. பச்சோந்திக்கு 30 டிகிரி சுகம், 34 ஆபத்து. காலையில் அதன் உடம்பு உள்ளே குளிர்ந்து கிடக்கும். உள்ளே சூடேறும்வரை விளக்கடியை விட்டு நகராது, தலைக்கொண்டையும் முதுகு விளிம்பும் வெந்துகொண்டிருந்தாலும் நகராது. இந்த இனத்துப் பச்சோந்திகளுக்குக் கொண்டையில் தீப்புண் வருவது இப்படித்தான். ஆணின் கொண்டை ஐந்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். கிளையில் 30 காட்டினால் கொண்டை நுனியில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு அளவுக்குறியே இல்லாத ஒரு சக்கரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நான் ஏன் டேப் ஒட்ட வேண்டும்?

அப்புறம் அது கெட்டுப்போன விதம். டிம்மருக்குள் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ட்ரையாக் பழுதானால் பெரும்பாலும் விளக்கு அணையாது, முழு வெளிச்சத்தில் எரியும். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. தெர்மோமீட்டர் அலாரம் அடித்தபோது 38 டிகிரி. நல்லவேளையாக அது மதிய நேரம், முத்து ஏற்கெனவே சூடேறியிருந்தான். வாயைத் திறந்து மூச்சு விட்டபடி கீழே இலைகளுக்குள் இறங்கியிருந்தான். கூண்டு உயரமாக, அடிப்பகுதி குளிர்ச்சியாக இருந்ததால் தப்பித்தான். விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். டிம்மர் தேயும் பாகமாம், உத்தரவாதத்தில் வராதாம். உயிருள்ள ஒன்றின் தலைக்கு மேலே தொங்கும் பொருளைப் பற்றி இப்படி ஒரு பதில் எழுத எப்படி மனம் வருகிறதோ!

கூடவே விற்கும் 'வெயில் பல்ப்' வேண்டவே வேண்டாம். ஒளி ஒரே புள்ளியில் குவிகிறது, சீக்கிரம் ஃபியூஸ் போகிறது, விலையும் அதிகம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 75 வாட் ஹாலஜன் ஃப்ளட் பல்ப் போதும். அகலமாகப் பரவும், சூரியனைப் போலவே தோலுக்குள் இறங்கும் அகச்சிவப்புக் கதிரும் கொடுக்கும். எல்இடி வாங்கி ஏமாறாதீர்கள், அதில் காய்வதற்கான சூடு கிடைக்காது. இரவுக்குச் சிவப்பு பல்ப், செராமிக் ஹீட்டர் எதுவும் வேண்டாம். இரவில் 17, 18 டிகிரிக்கு இறங்கினால் அதற்கு நல்லதே.

இன்னொன்று, உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகத் தேவையான யுவிபி என்ற புற ஊதாக் கதிரை ஹாலஜன் தராது. அதற்கு யுவிபி தரும் நீளமான டி5 குழல் விளக்கு (மெல்லிய டியூப் லைட்) தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் வைட்டமின் டி3 குறையும், எலும்பு வளையும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பாந்தர் பச்சோந்திகள் (இன்னொரு இனம்) தாமாகவே யுவி வெளிச்சத்தில் கூடுதல் நேரம் இருந்தன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. நாம் சரியான விளக்கை வைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு விளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், காயும்போது இரண்டும் சேர்ந்து படட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம்மூர்ப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். அதைப் பிடித்து வளர்க்காதீர்கள். நான் சொல்வது இங்கே கூண்டிலேயே பிறந்த யேமன் பச்சோந்தியைப் பற்றி.

சரி, வாங்கலாமா? வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். என்னுடையதை நான் தூக்கிப் போடப் போவதில்லை, குடை அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் 38 டிகிரியைப் பார்த்த பிறகு இன்னொருவரை வாங்கச் சொல்ல என் வாய் வராது. பீங்கான் சாக்கெட் உள்ள சாதாரணக் குடை ஒன்றும், அளவு போட்ட டிம்மர் ஒன்றும் தனித்தனியாக வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் அலாரத்தோடு வரும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று. அதன் முனையைக் கிளையில் கட்டாதீர்கள், கொண்டை வரும் உயரத்தில் கட்டுங்கள்.