வங்கக்கடலுக்கு மேலே டேட்டாலிங்க்: ஒரு விமானியின் அனுபவம்

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரும் விமானியும் ரேடியோவில் பேசாமல் எழுத்துச் செய்தியாகப் பரிமாறிக்கொள்ளும் முறைக்கு சிபிடிஎல்சி என்று பெயர். காக்பிட்டில் நாங்கள் டேட்டாலிங்க் என்போம். 1990களின் நடுவில் தென் பசிபிக்கில் போயிங் 747-400 விமானங்களில் வந்தது. பல வருடங்களாக இதை வைத்து வங்கக்கடலைக் கடக்கிறேன். நல்லதும் கெட்டதும் இரண்டையும் சொல்கிறேன்.

கரையிலிருந்து ஏறக்குறைய 200 கடல் மைல் தாண்டினால் சாதாரண வி.எச்.எஃப். ரேடியோ எட்டாது. அதற்குப் பிறகு, வெகுதூரம் எட்டும் எச்.எஃப். ரேடியோதான். சென்னை, கொல்கத்தா, யாங்கூன் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசும்; நம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, இடிமேகம் திரளும்போதுதான் எச்.எஃப். கரகரவென்று இரையும். அந்த நேரத்தில்தான் எல்லா விமானமும் பாதை விலக அனுமதி கேட்கும். மேகம் நெருங்கிக்கொண்டே இருக்க, மூன்றாவது முறையாகவும் நம் பெயரையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இப்போது சென்னை வான்பரப்புக்குள் நுழையும் முன்பே வி.ஓ.எம்.எஃப். என்ற சென்னை மையத்தின் குறியீட்டைப் போட்டு லாகான் செய்துவிடுகிறோம், அதாவது அதன் டேட்டாலிங்க்கோடு இணைந்துவிடுகிறோம். இடப்பக்கம் 20 மைல் விலக வேண்டுமா, திரையில் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும். பதில் வந்ததும் ஏர்பஸ்ஸில் முன்பக்கம், செய்தி வந்ததைக் காட்டும் ஏடிசி விளக்கு மினுக்கும். இருவரும் தனித்தனியாகப் படித்து, ஒரே மாதிரி புரிந்துகொண்டோமா என்று சரிபார்த்த பிறகே 'வில்கோ' (சொன்னபடி செய்கிறோம்) அழுத்துகிறோம். இருக்கும் இடத்தை ஏடிஎஸ்-சி என்ற அமைப்பு தானாகவே அனுப்பிவிடுவதால், பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் நேரம், உயரம், அடுத்த புள்ளி என்று ஒப்பிக்கும் வேலையும் போயிற்று. உயரத்தைத் தப்பாகக் காதில் வாங்கும் பயம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

இது சின்ன விஷயம் இல்லை. 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. ஆனால் முக்கியமான நொடியில் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பான் ஆம் விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால், கேஎல்எம் காக்பிட்டில் வெறும் கீச்சொலிதான் கேட்டது. எழுத்துச் செய்திகள் அப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழிவதில்லை.

சரி, குறைகள். நிபந்தனையோடு வரும் அனுமதிகளை நான் இன்னும் பயத்தோடுதான் படிக்கிறேன். 'இந்த நேரத்தில், இந்த உயரத்துக்கு ஏறு' என்று வரும் செய்தியில் நேரத்தைக் கண் தாண்டிவிட்டால் உடனே ஏறத் தோன்றும். செய்தி இரண்டு பக்கம் நீண்டால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு இணைப்பு மாறும்போது சில சமயம் அறுந்துவிடும். மறுபடி லாகான் செய்ய வேண்டும். ஐரோப்பாவிலேயே, 28,500 அடிக்கு மேல் டேட்டாலிங்க் கட்டாயம் என்ற விதி 2015இலிருந்து 2020க்குத் தள்ளிப்போனது; இப்படி இணைப்பு அறுவதும் அதற்கு ஒரு காரணம்.

என்னை உண்மையாகவே வருத்துவது வேறு. எச்.எஃப்.பில் முன்னால் போகும் விமானம் 'இங்கே நன்றாகக் குலுக்குகிறது, இறங்க வேண்டும்' என்று சொல்வது எல்லோர் காதிலும் விழும்; உடனே சீட் பெல்ட் விளக்கைப் போடுவோம். இப்போது அது கன்ட்ரோலர் திரையோடு நின்றுவிடுகிறது. பின்னால் வருகிறவருக்குத் தெரிவதே இல்லை.

இறங்கும் கட்டத்துக்கு இது ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. 'உடனே வலப்பக்கம் திரும்பு' என்பதைக் குரலில்தான் சொல்ல முடியும். அங்கே சில விநாடித் தாமதம்கூட அதிகம். கடலுக்கு மேல் என்றால் எச்.எஃப்.புக்குத் திரும்பவே மாட்டேன், அதை மாற்று வழியாக மட்டும் வைத்துக்கொள்வேன். கூடப் பறக்கும் இளைஞர்களிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேட்கிறேன்: இரண்டாவது ரேடியோவில், விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 123.45 அலைவரிசையைப் போட்டு வையுங்கள், குலுக்கினால் அதில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.