சிம்ப்சன்ஸ் ஐந்தாவது சீசன்: மூலப் படம் தெரியாமலும் சிரிக்கலாம்

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஐந்தாவது சீசனை முதலில் பார்த்தபோது, அதில் கிண்டலுக்கு ஆளாகும் படங்களில் பாதிக்கு மேல் நான் பார்த்ததில்லை. என் அக்கா எல்லாவற்றையும் பார்த்தவள். பழைய ஹாலிவுட் என்றால் அவளுக்கு உயிர். சேர்ந்துதான் பார்த்தோம். ஆனால் அவள் சிரித்த இடம் வேறு, நான் சிரித்த இடம் வேறு. இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்தது என்பதே இந்த சீசனுக்கு நான் தரும் முதல் மார்க்.

1993-94இல் ஒளிபரப்பான 22 எபிசோடுகள் இவை. 2004இல் நான்கு டிஸ்க் கொண்ட டிவிடி தொகுப்பாக வந்தன. கதை, குடும்பப் பாசம் பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் சினிமாப் பகடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'கேப் ஃபியர்' எபிசோடிலேயே சீசனின் தரம் தெரிந்துவிடும். மார்ட்டின் ஸ்கோர்செஸி 1991இல் எடுத்த படத்தில், சிறையிலிருந்து வெளியே வரும் ராபர்ட் டி நீரோ தனக்காக வாதாடிய வக்கீலின் குடும்பத்தையே துரத்துவார். இங்கே சிறையிலிருந்து வருபவன் சைட்ஷோ பாப், அவன் துரத்துவது சிம்ப்சன் குடும்பத்துப் பத்து வயதுப் பையன் பார்ட்டை. டி நீரோ தியேட்டரில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல் வெடித்துச் சிரிப்பார் அல்லவா, பாப்பும் அப்படியே செய்கிறான். அக்கா அங்கேயே "டி நீரோ, டி நீரோ!" என்று குதித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நொடி பாப்புக்கு முன்னால் பார்ட்டின் அப்பா ஹோமர், அதைவிடப் பெரிய சுருட்டோடு, அதைவிட உரக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறான். வில்லனே முகம் சுளிக்கிறான். அதற்கு எந்தப் படமும் தெரிந்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்தக் கார். படத்தில் டி நீரோ காரின் அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் பயணம் செய்வார். அங்கே அது நமக்கு நடுக்கம் தரும், கேள்வி கேட்கத் தோன்றாது. சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: அடியில் ஒரு ஆள் தொங்கினால் அவன் கதி என்ன? வேகத்தடை வருகிறது. ஹோமர் கள்ளிக்காட்டுக்குள் வண்டியை விடுகிறான். ஒருவழியாக பாப் வெளியே வந்து எழுந்தால், தரை முழுக்க இலை கூட்டும் ரேக். மிதிக்கிறான், கம்பு எழும்பி முகத்தில் அறைகிறது. திரும்பி மிதிக்கிறான், மறுபடி அறை. மொத்தம் ஒன்பது அறை. எபிசோடின் நீளம் போதவில்லை என்பதால்தான் இப்படி இழுத்தார்களாம். முதல் இரண்டு மூன்றுக்குச் சிரிப்பு வருகிறது, அப்புறம் அலுக்கிறது, அப்புறம் அந்த அலுப்பே சிரிப்பாக மாறிவிடுகிறது. ஸ்கோர்செஸி படத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நல்ல பகடி ஒரு கட்டத்தில் மூலத்தை விட்டுவிட்டுத் தன் வழியில் போகும். இது போயிருக்கிறது.

இசையையும் சொல்ல வேண்டும். 1962இல் வந்த முதல் 'கேப் ஃபியர்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் போட்ட அந்த மிரட்டல் இசையை ஸ்கோர்செஸி தன் படத்தில் மறுபடி எடுத்துக்கொண்டார், சிம்ப்சன்ஸும் எடுத்துக்கொண்டது. பாப் அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் அதே இசை கூடவே வந்தது. நான் 1962 படத்தைப் பிறகு பார்த்தேன். இசை தொடங்கியதும் எனக்குப் பயம் வரவில்லை, ரேக் ஞாபகம் வந்தது. பாவம் ஹெர்மன்.

'ரோஸ்பட்' எபிசோட் இன்னொரு ரகம். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) தெரிந்தவர்களுக்கு முதல் காட்சியே போதும்: இருட்டில் மாளிகை, கண்ணாடி உருண்டைக்குள் பனி, சாகப்போகிறவர் முணுமுணுப்பதுபோல ஒரு சொல். கோடீஸ்வரர் பர்ன்ஸ் முணுமுணுப்பது சின்ன வயதில் தொலைத்த கரடி பொம்மையின் பெயர், போபோ. ஆனால் எழுத்தாளர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் வெல்ஸைப் பார்த்து எழுதுவதோடு நிற்கவில்லை. அந்தப் பொம்மை விமானி லிண்ட்பெர்க்கின் விமானத்தில் பாரிஸ் போகிறது, ஹிட்லர் கையில் சிக்குகிறது, வடதுருவப் பனிக்கட்டியில் உறைகிறது, கடைசியில் ஐஸ் பாக்கெட்டோடு பார்ட் கைக்கு வருகிறது. நடுவில் பர்ன்ஸின் பிறந்தநாளுக்கு ரமோன்ஸ் இசைக்குழு வந்து கத்திவிட்டுப் போகிறது. அவர்களை ரோலிங் ஸ்டோன்ஸ் என்று நினைத்து, கொன்றுவிடச் சொல்லி உத்தரவு போடுகிறார் கிழவர். இத்தனை கூத்துக்கும் நடுவில், பொம்மைக்காக ஏங்கும் ஒரு பணக்காரக் கிழவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. வெல்ஸ் படத்தின் உயிரும் அதுதானே.

பீட்டில்ஸ் கதையை ஹோமரின் நால்வர் குழுவுக்குப் பொருத்திய எபிசோடில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம். கடைசியில் குழு மதுக்கடையின் மொட்டைமாடியில் ஏறிப் பாடுகிறது. அசல் பீட்டில்ஸில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் காரில் அந்தப் பக்கம் வந்து, நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் ஏற்கெனவே செய்தாயிற்று என்று சலித்துக்கொண்டு போய்விடுகிறார். பகடி செய்யப்பட்டவரே வந்து பகடியைக் கிண்டலடிப்பது எத்தனை தொடர்களுக்கு வாய்க்கும்?

விண்வெளியில் ஹோமர் வாயைத் திறந்தபடி மிதந்து மிதந்து சிப்ஸ் தின்பது, குப்ரிக்கின் '2001' படத்தில் வரும் அதே வால்ட்ஸ் இசைக்கு. அழகு. சூதாட்ட எபிசோடில் பர்ன்ஸ், கிருமிக்குப் பயந்து ஒதுங்கி வாழ்ந்த கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் மாதிரி காலில் டிஷ்யூ பெட்டிகளை மாட்டிக்கொண்டு திரிகிறார். ஹியூஸ் யார் என்று தெரியாமலே சிரித்தேன்.

எல்லாம் இப்படி அமையவில்லை. பார்ட்டுடைய தாத்தாவின் காதல் எபிசோட் 'தி கிராஜுவேட்' படத்தின் கடைசிக் காட்சியில் போய் முடிகிறது. அந்தப் படத்தைப் பார்க்காதவருக்குத் தாத்தா ஏன் சர்ச்சில் மேலே நின்று கண்ணாடியைத் தட்டுகிறார் என்றே புரியாது. நான் முழித்தேன், அக்கா "சொல்றேன், இரு" என்றாள். ஐந்து நிமிடம் விளக்கினாள். விளக்கம் எபிசோடைவிட நன்றாக இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலங்களை வைத்த ஜோக்குகள் பல இடங்களில் இப்போது வெறும் பெயர்களாகத்தான் கேட்கின்றன.

பின்னால் வந்த சீசன்களில் பிரபலங்களை நம்பும் இந்த நோய் முற்றிவிட்டது என்பது என் கருத்து. 2012இல் லேடி காகா ஊருக்கு வந்து எல்லாரையும் வாழ்த்தும் எபிசோடில் பகடியே இல்லை, விருந்தாளிக்கு வரவேற்பு மட்டும்தான். அதற்காக எல்லாமே வீழ்ச்சி என்று புலம்பவும் மாட்டேன். 2022 ஹாலோவீன் எபிசோடில் 'டெத் நோட்' பகடிப் பகுதியை ஜப்பானிய அனிமே பாணியிலேயே, அந்த அசல் தொடரில் வேலை செய்த கொரிய ஸ்டுடியோவை வைத்தே வரைந்திருக்கிறார்கள். நிறம், நிழல், முகக்கோணம் எல்லாம் அச்சு அசல்.

டிவிடியில் எல்லா எபிசோடுகளுக்கும் படைப்பாளிகளின் பேச்சு தனி ஒலித்தடமாக உண்டு. பாதி நேரம் தாங்கள் எழுதிய ஜோக்குக்கே சிரித்துக்கொண்டு சொல்ல வந்ததை மறந்துவிடுகிறார்கள், இருந்தாலும் கேட்கலாம்.

ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சீசன்கள் 4:3 சட்டகத்துக்கு, அதாவது பழைய டிவியின் அகலம் குறைந்த திரைக்கு, வரையப்பட்டவை. 2019இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது மேலும் கீழும் வெட்டி அகலத் திரையாகத்தான் போட்டார்கள். நான்காவது சீசனில் டஃப் பீர் ஆலையில் மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்து வரும் ஜோக்கில், அந்தக் குழாயே வெட்டுப்பட்டுப் போனது. சத்தம் கிளம்பியதும் 2020இல் அசல் சட்டகத்தைத் தேர்வு செய்யும் வசதி வந்தது. பகடியில் பாதி படத்தின் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கிறது, அதனால் அந்தத் தேர்வை மாற்றிவிட்டு 'கேப் ஃபியரில்' தொடங்குங்கள்.