வென்டிலேட்டர் காற்றின் சூடு: எச்எம்இ, ஒற்றை ப்ரோப், இரட்டை ப்ரோப் – எது உண்மையைச் சொல்கிறது?

மூச்சுக்குழாயில் டியூப் போட்டவுடன் மூக்குக்கும் தொண்டைக்கும் வேலை இல்லாமல் போகிறது. இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பிக்கொண்டிருந்தவை அவைதான். நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேரும் காற்று 37 டிகிரி சூட்டில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருக்க வேண்டும். சுவர்க்குழாயில் வரும் ஆக்ஸிஜனில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. அதை அப்படியே விட்டால் சளி இறுகும், சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாய் உள்ளே போக மறுக்கும், கடைசியில் ஈடி டியூபே (மூச்சுக்குழாயில் போட்ட அந்த டியூப்) அடைத்துக்கொள்ளும். இதைத் தடுக்க ஐசியுவில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. விலை, வசதி எல்லாம் பிறகு. கட்டிலருகே நிற்பவருக்கு, உள்ளே போகும் காற்றின் நிலையை எது சரியாகக் காட்டுகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் எச்எம்இ (ஹீட் அண்ட் மாய்ஸ்சர் எக்ஸ்சேஞ்சர்). நோயாளி வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுக்கும் சிறிய ஃபில்டர். மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், சர்க்யூட்டில் (வென்டிலேட்டர் குழாய்களில்) நீர் தேங்காது. அறுவை அரங்குக்கும், நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் நேரத்துக்கும் இதைவிடத் தோதானது இல்லை. ஆனால் இதில் சூட்டை அளக்கும் ப்ரோப் இல்லை, அலாரம் இல்லை. ஈரம் குறைந்தால் அது தானாக அறிவிக்காது. லிட்டருக்கு 30 மில்லிகிராமாவது தர வேண்டும் என்பது அமெரிக்க சுவாசச் சிகிச்சைச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதல். உடல்சூடு 32 டிகிரிக்குக் கீழே போனாலோ, நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் மூச்சு ஓடினாலோ, டியூபைச் சுற்றியுள்ள காற்றுப்பையான கஃபில் கசிவு இருந்தாலோ, சளி கெட்டியாகவோ ரத்தம் கலந்தோ இருந்தாலோ இதை வைக்கக்கூடாது. இன்னொன்று, அது தனக்குள் பிடித்துக்கொள்ளும் இடம். உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடை 50 கிலோ என்றால், ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதித்த நிலை) நோயாளிக்கு ஒரு மூச்சுக்குத் தருவதே 300 மில்லிதான். அதில் 50 மில்லி எச்எம்இக்குள்ளேயே நின்றுவிட்டால் ஆறில் ஒரு பங்கு வீண், கார்பன் டை ஆக்ஸைடு ஏறும்.

இரண்டாவது, குழாய்க்குள் ஹீட்டர் வயர் இல்லாத ஹியூமிடிஃபையர், அதாவது தண்ணீரைச் சூடாக்கி ஆவியைக் காற்றில் கலக்கும் கருவி. உள்மூச்சுக் குழாயும் வெளிமூச்சுக் குழாயும் நோயாளி பக்கம் சேரும் ஒய்-பீஸ் அருகே ஒரே ஒரு ப்ரோப். குழாயில் வரும் வழியிலேயே காற்று ஆறிவிடுவதால், ஒய்-பீஸில் 37 வேண்டுமென்றால் தண்ணீர் இருக்கும் சேம்பரை அதைவிட நிறையவே சூடாக்கியாக வேண்டும். ஆறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதைப் பிடிக்க வாட்டர் ட்ராப் வேண்டும், அதைக் காலி செய்ய ஆள் வேண்டும். குழாயில் தண்ணீர் ஆடினால் நோயாளி இழுக்காமலே வென்டிலேட்டர் மூச்சுக் கொடுக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கும், நோயாளி பக்கம் சாயவிடவே கூடாது. இதில் ஒரு நல்லது உண்டு. தண்ணீர் கோத்தால் அந்த இடம்வரை வந்த காற்று நிறைவான ஈரத்தோடுதான் வந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, இப்போது பெரிய ஐசியுக்களில் பழகிப்போன இரட்டை ப்ரோப் ஏற்பாடு. ஃபிஷர் அண்ட் பைக்கல் நிறுவனத்தின் எம்ஆர்850ஐ எடுத்துக்கொள்வோம். டியூப் போட்ட நோயாளிக்கான நிலையில் சேம்பர் வாயில் 37, ஒய்-பீஸ் பக்கம் 40 என்பது அதன் இலக்கு. 37இல் நிறைவாக ஈரம் ஏற்றி, பிறகு குழாய்க்குள் ஓடும் வயரால் மூன்று டிகிரி கூட்டுகிறது, வழியில் நீர் கோக்காமல் இருக்க. ஒய்-பீஸைத் தாண்டிய வயரில்லாத துண்டில் சூடு மறுபடி 37ஐ நெருங்கும். திரையில் 40 வந்ததும் பதற வேண்டியதில்லை. ஒய்-பீஸில் 34க்குக் குறையாமல், 41க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது மேலே சொன்ன வழிகாட்டுதல்.

சூட்டையும் ஈரத்தையும் தரும் திறனில் இதற்கே என் ஓட்டு. ஆனால் இரண்டு ப்ரோப்பும் அளப்பது சூட்டை மட்டும், ஈரத்தை அல்ல. சேம்பரில் தண்ணீர் தீர்ந்தாலும் சூடான உலர்காற்று 'சரி' என்கிற எண்ணைக் காட்ட முடியும். இதைவிட மோசமானது வெயில் கால ஏமாற்று. ஏசி வேலை செய்யாத வார்டில், அல்லது அறைக்காற்றை இழுத்துத் தள்ளும் டர்பைன் வென்டிலேட்டரில், சேம்பருக்குள் நுழையும்போதே காற்று சூடாக இருக்கும். 37ஐத் தொட ஹீட்டர் பிளேட் கொஞ்சம் வேலை செய்தால் போதும், ஆகவே தண்ணீரும் கொஞ்சமாகவே ஆவியாகும். 2004இல் லெலூஷ் குழுவினர் பிரான்சில் அளந்தபோது, அறையும் வென்டிலேட்டர் காற்றும் சூடாக இருந்த நிலையில் ஈரம் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. எச்எம்இக்கு விதித்த குறைந்தபட்சத்தைக்கூட அது தொடவில்லை. திரையில் மட்டும் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நம் ஊர் மே மாதத்தை நினைத்தால் இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

ப்ரோப் இருக்கும் இடமும் முக்கியம். கழன்று வெளியே தொங்கினால் அறைக்காற்றை அளந்து, 'ஆறிவிட்டது' என்று ஹீட்டரை விரட்டும், நோயாளிக்குக் கொதிகாற்று போகும். இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு நேர் எதிர்: ப்ரோப் உள்ளே இருந்தால் இன்குபேட்டர் சூட்டையும் சேர்த்து அளந்து, வயர் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ப்ரோப்பை வெளியே வைத்து, உள்ளே ஒரு நீட்டிப்புத் துண்டு போடுகிறார்கள். மேலிருந்து குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்குக் கீழே என்றால் ப்ரோப் மேல் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் மறைப்பு ஒட்ட வேண்டும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மூன்றுக்கும் பொதுவான ஒரு சோதனை இருக்கிறது: ஈடி டியூபை ஒட்டிய, கத்தீட்டர் மவுண்ட் என்கிற குட்டைக் குழாய். அதன் உள்சுவரில் துளிகள் இருந்தால் நல்லது, வெறும் மங்கல் என்றால் கவனம், காய்ந்திருந்தால் எண் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். ஹியூமிடிஃபையரில் சேம்பர் சுவரையும் பாருங்கள், அது உலர்ந்து தெளிவாக இருந்தால் ஆவி போதவில்லை.

என் தேர்வு இது. அறுவைக்கும், இடமாற்றத்துக்கும், ஓரிரு நாளில் டியூப் எடுக்கப்போகிற சளி குறைந்த நோயாளிக்கும் எச்எம்இ. ஏஆர்டிஎஸ், கெட்டிச்சளி, நீண்ட நாள் வென்டிலேட்டர், குழந்தைகள் என்றால் இரட்டை ப்ரோப். ஒற்றை ப்ரோப் மட்டுமே இருக்கும் மருத்துவமனையில் அதைத் தள்ள வேண்டாம், ஏசி காற்று நேராகக் குழாயில் படாமல் திருப்பிவிட்டு, ட்ராப்பை நிரம்பவிடாமல் பார்த்தால் நன்றாகவே வேலை செய்யும். எச்எம்இயிலிருந்து ஹியூமிடிஃபையருக்கு மாற்றும்போது பழைய எச்எம்இயைக் கழற்றியாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஃபில்டர் நீரில் ஊறி, மூச்சு போகும் வழியே அடைபடும்.