சொடுக்கு வண்டை அடையாளம் காண ஒரு பத்து மடங்கு லென்ஸ்

கும்பகோணத்தில் ஆய்வுக்கூடச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் 600 ரூபாய்க்குள் கிடைத்த மடக்கு லென்ஸ் இது. வண்டுகளை இனம் பிரித்து அறிய விரும்பும் டெல்டாக்காரர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். எதுவரை உதவும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஐப்பசி மழைக் காலத்தில் வாசல் விளக்குக்கு வரும் சொடுக்கு வண்டை மல்லாக்கக் கிடத்தினால், 'டக்' என்ற ஓசையோடு எகிறித் துள்ளும். முன்மார்பின் அடியில் பின்னோக்கி நீண்டிருக்கும் முளையும், அது சடாரென நழுவி விழும் நடுமார்புக் குழியும் இந்த லென்ஸில் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. முன்மார்புத் தகட்டின் பின்மூலைகள் முள்ளாகக் கூர்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், உடல்வாகில் ஒத்த பொன்வண்டுக் குடும்பத்தோடு குழப்பம் வராது. மண் நிறத்தில், செதில் போன்ற மயிர்கள் போர்த்தி, உணர்கொம்புகளை மார்பின் அடியிலுள்ள பள்ளங்களுக்குள் மடித்துச் செருகிக்கொள்ளும் வண்டானால், அது அக்ரிப்னஸ் என்ற பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுதியாக) இருக்கலாம் என்ற அளவுக்கு வந்துவிடலாம்.

அதற்கு மேல் இந்த லென்ஸால் போக முடியாது. உலகில் ஏறத்தாழ 10,000 சொடுக்கு வண்டினங்கள் உள்ளன. நெருங்கிய இனங்கள் பலவற்றை, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தே நிபுணர்கள் உறுதிசெய்கிறார்கள். ஆகவே நம் பகுதியில் எந்த இனம் எங்கே பரவியிருக்கிறது என்று அறிய, லென்ஸில் பார்த்ததோடு நிறுத்தாமல், ஊர், தேதி, கிடைத்த சூழல் ஆகியவற்றை எழுதிய சீட்டோடு மாதிரியைப் பாதுகாப்பது அவசியம். பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து டென்மார்க்குக்குப் போன பூச்சிகள் பலவற்றுக்கு அந்நாட்டுப் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் பெயர் சூட்ட முடிந்ததும், பாதுகாத்து அனுப்பிய மாதிரிகள் கையில் இருந்ததால்தான். அந்த மரபு இந்த மண்ணில் தொடர வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்திருப்பதால் பிம்பத்தின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் விழவில்லை. ஆனால் மடக்கும் இடத்திலுள்ள திருகு விரைவில் தளர்ந்தது. ஈரக்காற்றில் துருவும் ஏறத் தொடங்கியது. எடுத்துப் போய்க் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சின்றி வேறொன்று கொடுத்தார். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, வண்டை இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு அருகே கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்பதையும் வாங்கும்போதே அவர் சொல்லியிருக்கலாம். அதே கடையில் இருபது மடங்கு லென்ஸும் உண்டு. அதில் ஒளி குறைவு, தெரியும் பரப்பும் சிறிது என்பதால், ஓடும் வண்டைப் பார்க்க அது உதவாது.