சட்டகமா, துண்டுக் காகிதக் கட்டா?

"அன்புள்ள மாமாவுக்கு, பொருள்: சைக்கிள் வாங்கித் தந்தமைக்கு நன்றி கூறுதல் – சார்பாக." ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி எழுதிக் கொண்டுவந்தான். சிரித்துவிட்டு அப்புறம்தான் யோசித்தேன், தப்பு என்னுடையது. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று விண்ணப்பத்தின் சட்டகத்தைப் போர்டில் போட்டு, முந்தைய வாரம்தான் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தேன்.

கடிதம், விண்ணப்பம், அறிவிப்பு என்று எழுத்து வகைகளைக் கற்பிக்கும் இந்தச் சட்டக வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாம் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். ஒரு பீரியடில் முடியும், வகுப்பு அமைதியாக இருக்கும், மதிப்பெண்ணும் வந்துவிடும். கைடுகளும் இதைத்தான் செய்கின்றன.

நான் மாறிப்போனது இன்னொரு வழிக்கு. பழைய கவர் ஒன்றில் மின்தடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, ரவா கேசரி செய்முறை, ஜவுளிக்கடை நோட்டீஸ், பேப்பர் செய்தி, வீட்டுப் பரணில் கிடந்த இன்லண்ட் கடிதம் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். குழுவுக்கு ஒரு கட்டு. எது எதோடு சேரும், ஏன் சேரும் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். முதலில் கலரை வைத்துத்தான் பிரிப்பார்கள். விட்டுவிடுவேன். அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்வேன்.

அங்கேதான் பாடம் தொடங்குகிறது. தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வந்து உட்காருவதால் எழுத்தின் வகை அங்கே தெரிந்துவிடும். கேசரியில் வறுக்கவும், கிளறவும், இறக்கவும். செய்தியில் தெரிவித்தார், கைது செய்யப்பட்டார். மின்தடை அறிவிப்பில் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. கல்யாணப் பத்திரிகையில் 'வேண்டுகிறோம்'. ஜவுளிக்கடை நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பெண், "சார், இதுல கடைசிச் சொல்லே இல்ல, ஆச்சரியக்குறிதான் இருக்கு" என்றாள். விளம்பர நடையைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது இதுவல்ல. மறுபடி மறுபடி நடத்த வேண்டிய சுமைதான். சட்டகம் காலாண்டு விடுமுறையைத் தாண்டாது. திரும்பி வந்ததும் விண்ணப்பம் ஒரு தடவை, உறவுமுறைக் கடிதம் ஒரு தடவை, அறிவிப்பு ஒரு தடவை என்று முதலிலிருந்து நடத்த வேண்டும். வகைகள் கூடக் கூடச் சட்டகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். சைக்கிள் மாமா அப்படி வந்தவர்தான். பாடத்தில் இல்லாத வகை, நூல் மதிப்புரை போல ஒன்று, வந்தால் பக்கம் வெற்றாகவே இருக்கும். காகிதக் கட்டில் பழகியவர்கள் "சார், இது யாருக்கு எழுதறது?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். எழுதுவது பிசகலாம், ஆனால் திருத்த ஏதாவது இருக்கிறது. முன்பெல்லாம் நாற்பது நோட்டிலும் ஒரே 'சாலை வசதி வேண்டி' விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

செலவு இல்லாமல் இல்லை. மூன்று நான்கு பீரியட் போகும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். கட்டைச் சேர்க்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, ஆனால் அது ஒரு தடவைதான். அதன்பின் பராமரிப்பு என்றால் செலோ டேப் மட்டும். மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒன்று எழுதுவது, பிறகு தனியே எழுதுவது என்று மூன்று படிகள் கொண்ட முறை ஒன்று 1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவானது. நானும் அந்த வழியில்தான் போகிறேன், ஆனால் நேரமில்லை என்று முதல் வருடம் நடுப்படியை விட்டுவிட்டேன். பிள்ளைகள் அழகாகப் பிரித்தார்கள், எழுதச் சொன்னதும் திணறினார்கள். இப்போது போர்டில் சேர்ந்து எழுதாமல் யாரையும் தனியே எழுத விடுவதில்லை.

நான் எடுத்ததெல்லாம் ஏழும் எட்டும்தான். பத்தாம் வகுப்புக்கு என் அனுபவம் செல்லுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வில் உறைமேல் முகவரி வரை எதிர்பார்க்கிறார்கள். அங்கே சட்டகத்தைக் கைவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நானே கட்டு வேலை முடிந்த கடைசி நாளில் சட்டகத்தைப் போர்டில் எழுதிப் போடுகிறேன். அதற்குள் 'பொருள்' என்ற வரி மாமாவுக்கு எதற்கு என்று வகுப்பில் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.