கைக்கோடரியும் கதைசொல்லியும்: எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு கதை நடை

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பள்ளிப் பருவத்தில் ஆசிரியர்களுக்குப் பின்னால் வரிசையில் சென்று பார்த்தவர்கள் சென்னையில் ஏராளம். வளர்ந்தபின் மறுபடி உள்ளே நுழைந்தவர்கள் குறைவு. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு நினைவிருக்கும், நடராசர் நினைவிருக்கலாம், மற்றவையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பழைய பொருள்களாகவே மனத்தில் தங்கியிருக்கும். இவர்களைத் திரும்ப அழைத்துவரும் நோக்கத்தில், அருங்காட்சியக நிர்வாகத்தைச் சாராத ஆர்வலர் குழு ஒன்று சனிக்கிழமைக் காலைகளில், காட்சிப் பொருள்களுக்கு முன் நின்று கதை சொல்லி அழைத்துச்செல்லும் ‘கதை நடை’யை நடத்துகிறது. குழு சிறியது, கதை சொல்பவர்களும் மாறி மாறி வருகிறார்கள் என்பதால், பெயரை விட்டுவிட்டு அவர்களுடைய முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டரை மணி நேரத்தில் நான்கே இடங்களில்தான் நிற்கிறார்கள். பல கட்டடங்களில் பரவிக் கிடக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் இது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. எல்லாவற்றையும் காட்ட முயலும் வழிகாட்டிகளிடம் சிக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நடை தொடங்குவது வெளியே மரநிழலில், அருங்காட்சியகத்தின் கதையோடு. 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கப்பட்டு, 1854இல் எழும்பூரில் இப்போதுள்ள பாந்தியன் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்த இந்நிறுவனத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்குகளை வைத்தால் மக்கள் திரண்டு வருகிறார்கள் என்பதைக் கண்டுகொண்ட அவர், 1855இல் இந்த வளாகத்திலேயே ஒரு விலங்குக்காட்சிச் சாலையைத் தொடங்கினார். அதுதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் வண்டலூர் சேர்ந்தது. கதைசொல்லி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் குறுக்கிட்டு, தம் வீட்டில் இதைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்ததை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள் என்றார். கதைசொல்லி தாம் தயாரித்து வந்ததை அங்கேயே நிறுத்திவிட்டு, “நீங்க சொல்லுங்கம்மா” என்று இடம் கொடுத்தார். அந்த அம்மா புலியைப் பார்த்த கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்த நடையின் பலம் எதில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது: கேட்பவர் வாய் திறக்கும்போது கதைசொல்லி விலகத் தெரிந்திருக்கிறார்.

அந்தப் பலத்தின் உச்சம் கைக்கோடரி, அதாவது தொல்மனிதர்கள் கையில் பிடித்துப் பயன்படுத்தச் செதுக்கிய கற்கருவி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபுட், 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் செம்பூராங்கல் சரளைக் குழி ஒன்றில் கண்டெடுத்த கல், இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கப் புள்ளி. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்கு கிடைக்கும் மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபுட் சேர்த்த தொகுப்பை 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. இவ்வளவையும் கதைசொல்லி முதலிலேயே கொட்டிவிடவில்லை. மாதிரியாகச் செதுக்கிய ஒரு கல்லைப் பையிலிருந்து எடுத்து, எதுவும் சொல்லாமல் கைக்குக் கை அனுப்பினார். ஒரு சிறுவன் கூர்முனையைப் பிடித்தான், இன்னொருத்தி அடியைப் பிடித்தாள், எது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, “இதை வச்சு என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேட்டார். தோலை உரிக்கலாம், கிழங்கு தோண்டலாம், தம்பியை மிரட்டலாம் என்று பதில்கள் வந்தன. பல்லாவரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தம் வீட்டுக் கிணறு வெட்டியபோது வந்த செந்நிறச் சரளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதன் பிறகுதான் ஃபுட்டின் பெயரும் ஆண்டும் வந்தன. விமானநிலையத்துக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவில் தினமும் கடந்துபோகிற ஓர் ஊருக்கு இவ்வளவு ஆழமான அடிமண் இருப்பதைக் குழந்தைகள் நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டார்கள்.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு முன்னால் நடை தடுமாறியது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த, இறந்தோரைப் புதைத்த தாழிகளும் வெண்கலப் பொருள்களும் பொற்பட்டங்களும் தம்மளவிலேயே பேசக்கூடியவை. ஆனால் கதைசொல்லி இங்கே ஒரு தாயையும் இறந்துபோன மகனையும் உருவாக்கி, இருவருக்கும் பெயர் வைத்து, ஒப்பாரியும் பாடினார். உருக்கமாகப் பாடினார் என்பதை மறுக்க முடியாது. இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். முடிந்ததும் ஒரு சிறுமி, “அந்த அம்மா பேர் எப்படித் தெரியும் அக்கா?” என்று கேட்டாள். காலை முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுவே. கதைசொல்லி சிரித்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார். தாழியில் என்ன கிடைத்தது, அதிலிருந்து எதை அறிய முடிகிறது, எந்த இடத்திலிருந்து தம் கற்பனை தொடங்குகிறது என்று அவர் சொல்லியிருந்தால் கதையின் உருக்கம் குறைந்திருக்காது. சிறுமிக்குத் தொல்லியல் என்றால் என்ன என்பதும் புரிந்திருக்கும். அருங்காட்சியகத்தில் சொல்லப்படும் கதைக்கும் கலை அரங்கில் சொல்லப்படும் கதைக்கும் இந்த வேறுபாடு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆந்திரத்தில் உள்ள அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களுக்கு முன்னால் வாதம் ஒன்றை நடத்தினார்கள். ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்களில் ஒரு பெரும் பகுதி பின்னர் இலண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவை எங்கே இருக்க வேண்டும் என்று கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பேசவிட்டார்கள். சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்று ஓர் அணி முழங்க, அப்படியென்றால் சென்னையில் இருப்பவை அமராவதிக்குப் போக வேண்டாமா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டு எல்லோரையும் திகைக்க வைத்தார். சூடு பிடித்த நேரத்தில் நேரமில்லை என்று முடித்துவிட்டது வருத்தம். அங்கே மிச்சப்படுத்திய நேரத்தைச் செப்புத்திருமேனிக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்த நடனத்துக்குச் செலவழித்தார்கள். திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்க வந்த மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பகுதியை நீக்கிவிடலாம்.

இறுதியில் ஆளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரு பழைய பொருளைப் பற்றி நான்கு வரி எழுதித் தர வேண்டும். முன்பு யாரோ எழுதிய அட்டை ஒன்றை வாசித்தும் காட்டினார்கள்: புளியந்தோப்பில் ஒரு வீட்டில், அரிசி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய பாட்டியின் படி இன்னும் சமையலறையில் இருக்கிறதாம், ஆனால் அதில் இப்போது அளப்பது நாய்க்கான தீனி. அரசர்களும் ஆளுநர்களும் நிறைந்த கூடங்களைக் கடந்து வந்தபின் இந்த வரிகளைக் கேட்பது நிறைவாக இருந்தது. ஆனால் அட்டைகள் ஒரு துணிப்பையில் கட்டாகத்தான் கிடக்கின்றன. ஊர்வாரியாகப் பிரித்து, எழுதியவர் சம்மதத்தோடு, ஏதாவது ஒரு பொது நூலகத்தில் வைக்கலாமே என்று கேட்டபோது யோசிப்பதாகச் சொன்னார்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கும்போது யோசிக்க அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கட்டணம் ஒருவருக்கு 300 ரூபாய், நுழைவுச் சீட்டு தனி. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்குவதில்லை என்பது பாராட்டுக்குரியது. தமிழில் நடப்பவை ஆங்கிலத்தில் நடப்பவற்றைவிடக் குறைவு என்பதால், பதிவு செய்யும்போதே மொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அமராவதிக்கு முன்பே பொறுமை தீர்ந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும். எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். கதை நடை இல்லாமல் தனியாகப் போக நினைப்பவர்கள், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.